அவள் ஏன் திரும்பி உள்ளே போனாள்?

சின்னவளின் பிடிவாதம் கூடப் பிறந்தது என்று பெரியவள் சொல்வாள். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான் என்று சின்னவள் திருப்பிக் கொடுப்பாள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் சின்னவளுக்குத் தலை வாரிவிட்டதும் அதே தலையில் குட்டியதும் அக்காவின் கைதான். அப்படி வளர்ந்த இரண்டு பேர் ஒரு கதைக்காக மாதக் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அதுவும் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாத கதை.

கதைக்கு முன்னால் பெரியவளைப் பற்றிக் கொஞ்சம். அவளைக் கட்டிக்கொண்ட ஆள் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. ஒரே ஒரு வியாதி. வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவான். "காலம் கெட்டுக் கிடக்கு" என்பான். பெரியவள் சில வருஷம் பொறுத்தாள். ஒருநாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, மாற்றுத் துணிகூட எடுக்காமல், அப்போது கல்லூரி விடுதியில் இருந்த தங்கையின் அறைக்கு வந்து நின்றாள். சின்னவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு, இனி எங்கே வீடு பார்ப்பது, என்ன வேலை தேடுவது என்று பேசினார்கள். மாதம் திரும்புவதற்குள் ஒருநாள் காலை பெரியவள் எழுந்து முகம் கழுவி, "நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். போயே விட்டாள்.

சின்னவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். அந்தக் கேள்வி அப்படியே தங்கிவிட்டது. பெரியவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், வீட்டுப் பூட்டு காணாமல் போனதும், அங்கேயே அவள் மேற்பார்வையாளர் ஆனதும் எல்லாம் பிறகு நடந்தவை. சின்னவளின் கணக்கில் அக்கா தோற்றுப்போய்த் திரும்பியவள்தான்.

சின்னவள் படித்துக்கொண்டே போனாள். பகலில் ஒரு கல்லூரியில் ஒப்பந்தத்தில் பாடம் நடத்துவாள். மீதி நேரம் பல்கலைக்கழகத்து நாட்டார் வழக்காற்றியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு. துறை இரண்டாவது மாடியில். தாழ்வாரம் முழுக்கத் தகர அலமாரிகள், ஒவ்வொன்றிலும் யாரோ எப்போதோ பதிவு செய்த ஒலிநாடாக்கள். தாழ்வாரத்தின் கோடி அறை நெறியாளருடையது. அவர் பெரிய படிப்பாளி. எந்தக் கதையைக் கொடுத்தாலும் அதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து, உள்ளே வெளியே, மேலே கீழே, பச்சை வேகவைத்தது என்று எதிரும் புதிருமாக நிறுத்தி, பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டுவிடுவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் 'கூட்டல் கழித்தல்'தான். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்பட்டதில்லை. "கதைக்கு எலும்புதான் முக்கியம். சதை ஊருக்கு ஊர் மாறும். சதையைப் பார்த்து மயங்காதீங்க" என்பார்.

சின்னவள் எடுத்துக்கொண்ட தலைப்பு வித்தியாசமானது. ஒரே ஒரு கதை. அதை நெறியாளரின் எலும்புக் கணக்கான அமைப்பியல் எப்படிப் படிக்கிறது, உளப்பகுப்பாய்வு எப்படிப் படிக்கிறது, கதை எங்கே பிறந்து எந்த வழியாக நடந்து வந்தது என்று தேடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள், சமூகத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று கேட்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள், பெண்ணிய நோக்கில் அது என்ன ஆகிறது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நெறியாளர் உடனே சம்மதித்தார். பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கதை கிடைத்தது சலவைக்கூடத்தில். தன் அறையில் வீட்டுச் சாவியை மறந்து வைத்துவிட்டுப் போன அக்காவிடம் அதைக் கொடுக்கப் போனாள் சின்னவள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். ஆளை விழுங்குகிற அளவுக்குப் பெரிய உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நீராவியில் சுவரெல்லாம் வேர்த்து வழிந்தது. வெள்ளை விரிப்பின் நுனிகளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு எதிரும் எதிருமாக நடந்து வந்து மடித்து, மறுபடி விலகி, மறுபடி நடந்து வந்தார்கள். மூலையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று நின்றாள். பெரியவள் கைவேலையை நிறுத்தாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தியைக் கட்டிக் கொடுத்தாங்க. போய்ச் சேர்ந்த வீட்டுக்கு வாசலே இல்ல. ஜன்னல் வழியாத் தூக்கி உள்ள இறக்கிவிட்டாங்க. 'வாசல் எங்கே?'ன்னு கேட்டா. 'வந்துட்டவளுக்கு எதுக்கு வாசல்?'னாங்க. சரின்னுட்டா. கட்டிலுக்குப் பின்னாடி உட்கார்ந்து ஒரு கரண்டியால சுவரைச் சுரண்ட ஆரம்பிச்சா. சுரண்டின மண்ணை எங்கே போடறது? வாயில அடக்கிக்கிட்டு ஜன்னலுக்குப் போய்த் துப்புவா. வாய் நிறைய மண்ணு, பேச முடியாது. வீட்டுல எல்லாருக்கும் பெருமை. 'எங்க மருமக வாயே திறக்கமாட்டா, தங்கம்'னு ஊரெல்லாம் சொன்னாங்க. ஓட்டை வளர்ந்துச்சு. அவ உயரத்துக்கு வந்துச்சு. ஒருநாள் மத்தியானம் வெளியே வந்து நின்னா. கடைசி வாய் மண்ணைத் தெருவுல துப்பினா. இந்தப் பக்கம் பார்த்தா. அந்தப் பக்கம் பார்த்தா. திரும்பி உள்ள போயிட்டா."

"அப்புறம்?" என்றாள் மூக்கைச் சிந்தியவள்.

"அவ்வளவுதான். விரிப்பைப் பிடி."

தேடிய கதை இதுதான் என்று சின்னவளுக்குத் தோன்றிவிட்டது. அடுத்த வாரமே ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நின்றாள். சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. ஒருத்திக்கு அவள் அத்தை சொன்னது, இன்னொருத்தி பஸ்ஸில் கேட்டது. வெளியே வந்தவள் ஏன் திரும்பினாள் என்பதை மட்டும் யாருமே கதைக்குள் சொல்லவில்லை. கதை முடிந்த பிறகுதான் சண்டை ஆரம்பிக்கும்.

"வெளியே மழை. பயந்துட்டா" என்றாள் இஸ்திரிக்காரி.

"உன் தலை. செருப்பை உள்ளயே விட்டுட்டா, எடுக்கப் போனா" என்றாள் மடிப்புக்காரி. "கரண்டி ஞாபகம் இருந்தவளுக்குச் செருப்பு ஞாபகம் இல்லை பாரு."

"அவளுக்குப் போக்கிடம் ஏது? அப்பா வீட்டுல சேர்ப்பாங்களா?" என்றாள் உருளை மெஷினில் நின்றவள். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் சின்னவளுக்கு 'டேப்பு' என்று பெயர் வைத்தார்கள். "டேப்பு வந்தாச்சு, வாயைக் கழுவிக்கிட்டுப் பேசுங்கடி" என்பார்கள்.

ஆய்வேடு வளர்ந்தது. கதையின் பயணத்தைத் தேடி நூலகத்தில் தூசி தட்டியபோது, கடலுக்கு அப்பால் யாரோ தொகுத்த கதைக்கட்டில் இதற்கு உறவுமுறையில் ஒரு கதை அகப்பட்டது. சிறையில் இருக்கிற ஒருவன் மண்ணை வாயில் அடக்கிச் சுவரைத் துளைக்கிறான். வெளியே போனவன் போனவன்தான், திரும்புவதில்லை. அப்படியென்றால் திரும்புவது இங்கே வந்து ஒட்டிக்கொண்டதா, அங்கே உதிர்ந்துபோனதா? உளப்பகுப்பாய்வுக்காரர்கள் வழியில் போனால் வாசலற்ற வீடு கர்ப்பப்பை, வெளியேறுவது பிறப்பு, திரும்புவது பிறக்கப் பயம். சமூகத்தில் கதையின் வேலை என்ன என்று கேட்கிறவர்கள் வழியில் போனால், பெண்களை வீட்டோடு இருக்கச் சொல்லும் அடக்குமுறைப் பாடம் இது. மூச்சு முட்டாமல் இருக்கக் கொஞ்சம் நீராவியை வெளியேவிடும் குழாயும் இதுவே. நெறியாளர் தானே கரும்பலகையில் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். சுவர் முழுசு, வாய் காலி. சுவர் பாதி, வாய் அடைப்பு. சுவர் ஓட்டை, வாய் காலி. மண் சுவரிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து தெருவுக்கு. சின்னவள் அதைப் பார்த்து அசந்துபோனாள். தன் பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டாள். யார் சொன்னாலும், மழை வந்தாலும் செருப்பு வந்தாலும், அந்த மண்ணும் வாயும் அசையவே இல்லை. மனுஷர் சொன்னது சத்தியமான எலும்புதான்.

ஐந்தாவது இயல் பெண்ணிய நோக்கு. அதை எழுதும்போது மட்டும் பேனா தானாக ஓடியது. வெளியே வந்தும் திரும்புகிறவள் தோற்றவள், அடிமைத்தனம் அவள் எலும்புக்குள் இறங்கிவிட்டது, கதை தன் நாயகியைக் கடைசி வரியில் காட்டிக் கொடுக்கிறது என்று நறுக்குத் தெறித்தாற்போல் எழுதினாள். எழுதிய ஜோரில், ஒரு விடுமுறை நாள் காலை, அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். மாமா கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். பெரியவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். பாதியில் குழாயை மூடினாள்.

"இது கதையைப் பத்தி எழுதினதா, என்னைப் பத்தி எழுதினதா?"

"கதையைப் பத்திதான்க்கா."

"பொய் சொல்லாதே. உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துடும்." பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "உன் விடுதி அறையில எட்டுக்கு எட்டு இடத்துல படுத்துக் கிடந்தேனே, அப்போ என்ன நினைச்சேன் தெரியுமா? நான் தப்பிச்சு வந்திருக்கேன், அவ்வளவுதான். அந்த வீட்டுல என் துணி இருக்கு, என் தையல் மெஷின் இருக்கு, நான் போட்ட அலமாரி இருக்கு. ஓடி வந்தவளுக்கு அதெல்லாம் இல்லாமப் போகணுமா? எதுக்கு? போய் நின்னேன். 'பூட்டைக் கழட்டு, இல்லன்னா நீ வெளியே போ'ன்னேன். மாமாவைக் கேளு."

கூடத்தில் செய்தித்தாள் அசையவில்லை.

"வெளியே போக மட்டும் வழின்னா அது ஓட்டை. போகவும் வரவும் முடிஞ்சாத்தான் அது வாசல். அந்தப் பொண்ணு உள்ள போனது வாசலைச் சரி பார்க்க. என்னைத் தோத்தவன்னு புஸ்தகத்துல போடறியா? போடு. ஆனா இந்த வீட்டுப் படி ஏறாதே."

சின்னவளுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லாமப் போனே. நான் ஒரு வருஷம் அழுதேன்."

"நீ கேட்கலையே."

"நீ சொல்லலையே."

காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு சின்னவள் கிளம்பினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சுவார்த்தை இல்லாத மாதங்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மடிப்புக்காரி தொலைபேசியில், "டேப்பு, உங்க அக்கா விரிப்பை எல்லாம் அடிச்சு மடிக்கிறாங்க. சீக்கிரம் சமாதானம் ஆகு, எங்களுக்குக் கை வலிக்குது" என்றாள்.

சின்னவள் சும்மா இருக்கவில்லை. அக்கா சொன்னது நியாயம் என்று ஒரு மனது சொன்னது. அவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுக்காதே என்றது இன்னொன்று. தன் இயலை எடுத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அவள் கதையைப் படிக்கவில்லை. பழைய கோபத்துக்கு ஒரு சட்டையைத் தைத்து அதைக் கதைக்கு மாட்டியிருந்தாள். சட்டை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவின் விளக்கத்தை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் அவளால் முடியவில்லை. பதிவுகளை முதலிலிருந்து கேட்டாள். இந்த முறை கதையைக் கேட்கவில்லை. கதைக்கு முன்னால் யார் என்ன பேசுகிறார்கள், யாருக்காக அது சொல்லப்படுகிறது என்பதைக் கேட்டாள்.

கேட்கக் கேட்க முகத்தில் சிரிப்பும் திகைப்பும் மாறி மாறி வந்தன. அக்கா அந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எதிரே ஒருத்தி வேலையை விடுவதாகச் சொல்லிக்கொண்டு நின்றாள். கதை முடிந்ததும் "விரிப்பைப் பிடி". அவர்களில் பெரும்பாலோர் மறுநாள் வேலைக்கு வந்தார்கள். மற்ற பெண்கள் அக்கா இல்லாத நேரத்தில் அதே கதையைச் சொன்னபோது நாயகி உள்ளே போவதற்குள் கொஞ்சம் நின்றாள், சிரிப்பு வந்தது, மழை வந்தது. தோற்றவளோ ஜெயித்தவளோ, அக்காவின் வாயில் அந்தப் பெண் ஆட்களை வேலையில் நிறுத்திவைக்கும் மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள்!

சின்னவள் ஐந்தாம் இயலைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். முதல் பகுதியில் தன் கோபத்தைக் கோபம் என்றே சொல்லி, அதிலிருந்து பிறந்த விளக்கத்தை வைத்தாள். இரண்டாவதில் அக்காவின் வாசலை வைத்தாள். மூன்றாவதில், கதை யார் வாயில் யார் காதுக்காக நிகழ்கிறது என்று பார்த்தால் அக்காவின் விளக்கத்துக்குள்ளும் ஒரு அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று எழுதினாள். நெறியாளருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு ஏறக்கூடாத படி ஏறினாள்.

பெரியவள் கதவருகில் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். மூன்றாம் பகுதி வந்ததும் புருவம் ஏறியது.

"ஆளை நிறுத்தி வைக்கத்தான் நான் கதை சொல்றேங்கறியா?"

"பதிவுல இருக்குக்கா."

"நான் அந்தப் பிள்ளைங்க பிழைப்பு போயிடக் கூடாதேன்னு சொல்றேன்."

"அதையும் எழுதியிருக்கேன். கீழே பாரு."

பெரியவள் பார்த்தாள். அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு, "இதை எழுதத்தான் போறியா?" என்றாள்.

"எழுதுவேன்."

"எழுது. நான் இல்லைன்னு சொன்னேன்னும் சேர்த்து எழுது. அடிக்குறிப்புல தள்ளாம, மேலயே எழுது." சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனவள், "வாசல்லயே எதுக்கு நிக்கறே? டீ ஆறுது" என்று குரல் கொடுத்தாள்.

நெறியாளரிடம் அப்படி நடக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மத்த இயலெல்லாம் பிரமாதம். இதை எடுத்துடுங்க."

"ஏன் சார்?"

"ஆய்வேட்டுல அக்கா தங்கச்சி சண்டைக்கு இடம் இல்ல. நாம தேடறது கதையோட அமைப்பு. சொல்ற ஆளுக்கு அன்னிக்கு என்ன கோபம், கேட்கற ஆளுக்கு மூக்கு ஒழுகுச்சான்னு பார்க்க ஆரம்பிச்சா அது அறிவியலே இல்ல."

"சார், உங்க அட்டவணை இல்லாம என்னால இந்தக் கதையைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனா அட்டவணை எல்லாத்தையும் பார்க்கல. மண்ணையும் வாயையும் பார்த்துச்சு. 'விரிப்பைப் பிடி'யைப் பார்க்கல."

"அது கதை இல்லம்மா."

"கதை எங்கே முடியுதுன்னு யார் சார் முடிவு பண்றது?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வகுப்பில் சின்னப் பிள்ளை கேட்ட கேள்விக்குச் சிரிப்பது போன்ற சிரிப்பு. அதுதான் சின்னவளைச் சுட்டது. "எடுத்தா நான் கையெழுத்துப் போடறேன். எடுக்கலைன்னா வேற ஆளைப் பாருங்க. உங்க கல்லூரி முதல்வர் என் பழைய மாணவர், ஒப்பந்தம் புதுப்பிக்கற நேரம் வேற. யோசிங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"யோசிச்சாச்சு சார்" என்றாள் சின்னவள். "வேற ஆளைப் பார்க்கிறேன்."

துறையில் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள் என்றார்கள். தாழ்வாரத்தில் எதிரே வந்தவர்கள் அலமாரியில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில், ஓய்வுபெறப் போகும் மொழியியல் துறைப் பேராசிரியை அம்மாள் ஒருவர், "எனக்கு இனி யாரைக் கண்டு பயம்? கொண்டு வா" என்று ஏற்றுக்கொண்டார். சொன்னபடியே அந்த ஆண்டு கல்லூரி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. யார் சொல்லி, எதற்காக என்று எவரும் வாய் திறக்கவில்லை. சின்னவள் ஒரு மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, முன்வரிசையிலேயே தூங்கிவிழும் மாணவர்களுக்கு இலக்கணம் நடத்தினாள்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. பொதுத் தேர்வு, யாரும் வரலாம், யாரும் கேட்கலாம். பெரியவள் சலவைக்கூடச் சீருடையிலேயே, பாதி நாள் விடுப்பில், மடிப்புக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். பழைய நெறியாளர் முதல் வரிசையில். வெளியூரிலிருந்து வந்த புறத் தேர்வாளர் உளப்பகுப்பாய்வில் கரைகண்டவர். மென்மையான குரல், கூரான கேள்வி.

"வாசலில்லாத வீடு கர்ப்பப்பைங்கற விளக்கத்துக்கு ரெண்டே பக்கம் ஒதுக்கியிருக்கீங்க. ஏன் இந்தக் கஞ்சத்தனம்?"

"அந்த விளக்கம் தப்பா இருந்தா எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு தேடினேன் ஐயா. அவ திரும்பிப் போனாலும் அது பிறக்கப் பயம். போகலைன்னாலும் பிறந்துட்டாங்கறது. எது நடந்தாலும் தோற்காத விளக்கத்துக்கு ரெண்டு பக்கமே தாராளம்னு நினைச்சேன்."

கூடத்தில் சிரிப்பு. அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "அப்போ எல்லா விளக்கமும் சரிதானா? ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு அர்த்தம்னு முடிச்சுட்டா ஆய்வு எதுக்கு?"

"எல்லாம் சரின்னு நான் சொல்லல. என்னோட முதல் விளக்கமே சறுக்கிச்சு, அதை எழுதியிருக்கேன். கதை சொன்னவங்க முகத்துக்கு நேரா ஒரு விளக்கத்தைச் சொல்லணும். அவங்க ஒத்துக்கணும்னு இல்ல. என் அக்கா ஒத்துக்கல. அவங்க மறுக்கறப்போ அந்த மறுப்புக்குப் பதில் சொல்லத் தெரியணும். பதில் இல்லாத விளக்கம் கதையைத் தொடவே இல்ல, தன்னைத்தான் பார்த்துக்குது."

பெரியவள் இரண்டாவது வரிசையிலிருந்து சத்தமாக, "இன்னும் ஒத்துக்கல" என்றாள். தேர்வுக் குழுத் தலைவர் மேசையைத் தட்டினார்.

அப்போது பழைய நெறியாளர் எழுந்தார். "என் அட்டவணையைப் பயன்படுத்திட்டு என் முடிவை மட்டும் ஏத்துக்க மறுக்கறீங்க. உள்ளே இருந்தவள் வெளியே வந்து மறுபடி உள்ளே போறா. குலைஞ்ச சமநிலை திரும்புது. இதுல என்ன குறை?"

சின்னவள் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். கரும்பலகைக்குப் போய் அவருடைய அட்டவணையை அவருடைய குறிகளோடு அப்படியே எழுதினாள்.

"இதுல ஒரு குறையும் இல்ல சார். இதைக் கண்டுபிடிச்சது நீங்க. நான் இதைத்தான் நம்பறேன், அதனாலதான் உங்க முடிவை நம்பல. பாருங்க. அவ வாசல் கேட்டப்போ வாய் காலி, சுவர் முழுசு. தோண்டறப்போ வாய் நிறைய மண்ணு. கடைசியில வாயும் காலி, சுவரும் ஓட்டை. தெருவுல துப்பிட்டுத்தான் உள்ளே போறா. இனிமே பேசலாம், நினைச்சா போகலாம். முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒண்ணு இல்ல சார். உங்க குறியைத்தான் எழுதியிருக்கேன். இதைச் சமநிலைன்னு எப்படிச் சொல்றது?"

அவர் பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு, "அது ஒரு வாசிப்பு" என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஆனால் அன்றைக்கே மாலையும் மரியாதையும் கிடைத்துவிடவில்லை. குழு கூடிப் பேசி, ஐந்தாம் இயலை நீக்கித் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது. மொழியியல் அம்மாள் முகம் சுருங்கிப்போனார். "எடுத்துடலாமா? பட்டம் கையில வந்ததும் தனியா வெளியிட்டுக்கலாம்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்தா என் ஆய்வேடு வாயில மண்ணை அடக்கிக்கிட்டு இருக்கிற மாதிரி ஆயிடும் அம்மா" என்றாள் சின்னவள்.

ஐந்தாம் இயலை அவள் எடுக்கவில்லை. ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தாள். ஐந்தாவதை ஏன் நீக்கக்கூடாது என்பதே அதன் பொருள். குழுவின் ஒவ்வொரு ஆட்சேபணையையும் அவரவர் சொற்களிலேயே எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். எழுதி முடிக்க நெடுநாள் ஆனது. நடுவில் காய்ச்சலில் விழுந்தாள். பெரியவள் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு? எடுத்துத் தொலைச்சிருக்கலாம்" என்று திட்டினாள். எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது, "எடுத்துப் பாரு, காலை ஒடிக்கிறேன்" என்றாள்.

இரண்டாவது முறை வேறொரு தேர்வாளர் வந்தார். பட்டம் கிடைத்தது. நிரந்தர வேலை கிடைக்கவில்லை. துறையில் காலியான இடத்துக்கு வேறொருவர் வந்தார். சின்னவள் மாலைக் கல்லூரியிலேயே இருக்கிறாள். ஆய்வேடு புத்தகமாக வந்தபோது சலவைக்கூடத்தில் ஒரு பிரதி வாங்கினார்கள். இஸ்திரிக்காரி தன் மழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு அந்தப் பக்கத்தை மட்டும் மடக்கி வைத்துக்கொண்டாள். புத்தகத்தைப் பிரித்தால் இன்றைக்கும் மடிப்புக்காரி சண்டைக்கு வருவாள். செருப்புக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறாளாம்.

பழைய நெறியாளர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு ஆண்டும் முதலாண்டு மாணவர்களுக்கு அந்த ஐந்தாம் இயலை எடுத்து வைத்துப் பாடம் நடத்தினார். எப்படி ஆய்வு செய்யக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாக! கேள்விப்பட்ட தோழிகள் கொதித்தார்கள். புகார் கொடு என்றார்கள். சின்னவள் மட்டும், "வரிக்கு வரி படிச்சாத்தானே திட்ட முடியும்? நம்மளை இவ்வளவு கவனமா வேற யார் படிச்சிருக்காங்க?" என்றாள். அந்த வகுப்பிலிருந்து மாணவர்கள் இரண்டு மூன்று பேராக மாலைக் கல்லூரிக்கு அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். திட்டு வாங்குகிற அளவுக்கு அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டுக்கொண்டு.

போன ஆண்டு அவளே போனாள். அழைப்பு ஏதும் இல்லை. வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் பின்கதவு வழியாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் கரும்பலகையில் குறிகளை எழுதிவிட்டுத் திரும்பியபோது பார்த்துவிட்டார். ஒரு கணம் சுண்ணாம்புக்கட்டி விரலிலேயே நின்றது. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல், "இந்த இயலின் அடிப்படைத் தவறு என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

சின்னவள் கையைத் தூக்கினாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் பெருமூச்சு விட்டார். மீசைக்குள் சிரிப்பு இருந்ததோ என்னவோ. "கேளுங்க" என்றார்.

மணி அடித்து, அடுத்த வகுப்பு எடுக்க வேண்டியவர் கையில் வருகைப் பதிவேட்டோடு வந்து, வாசலில் நின்று இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தார். உள்ளே யாரும் அவரைக் கவனிக்கவில்லை.